எஞ்சினைத் தூக்கும் கருவி: கிராமத்திற்கு ஏற்றது எது?

நம் கிராமங்களில் இன்று டிராக்டர், ஆயில் எஞ்சின், ஜீப், சிறு சுமை வண்டி முதலியன பெருகியுள்ளன. அவற்றில் நேரும் பழுதுகளை வீட்டு முற்றத்திலேயே நீக்கும் திறமை பெற்ற இளைஞரும் பல ஊர்களில் உள்ளனர். நகரத்துப் பட்டறைக்கு வண்டியை இழுத்துச் செல்லும் செலவும், அங்குக் காத்திருக்கும் நாட்களும் இதனால் மிச்சமாகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், எஞ்சினையே வெளியில் எடுக்க வேண்டி வரும்போது சில இடங்களில் கையாளப்படும் முறை அச்சந்தருவதாக உள்ளது. மூங்கிற்கழியில் கட்டி நால்வர் தோள்கொடுத்துத் தூக்குகின்றனர். அல்லது மரக்கிளையில் வடத்தை வீசி இழுக்கின்றனர். நால்வரில் ஒருவர் கால் இடறினால் முழுப் பளுவும் மற்ற மூவர்மேல் சாயும். கைகால்களை இழக்க ஒரு நொடி போதும். ஆகவே, தகுந்த கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை உழவர்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்திருத்தல் நலம்.

பளுவை அறிதல்

முதலில் அறிய வேண்டுவது தூக்கப்போகும் பொருளின் எடை. ஜீப், சிறு சுமை வண்டி ஆகியவற்றின் டீசல் எஞ்சின் ஏறத்தாழ 150 முதல் 250 கிலோ வரை இருக்கும். மூன்று சிலிண்டர் டிராக்டர் எஞ்சின் 200 முதல் 350 கிலோ வரை இருக்கும். மெதுவாகச் சுழலும் பழைய 6 குதிரைச் சக்தி ஆயில் எஞ்சின், உருவில் சிறியதாயினும், இரு பெருஞ்சக்கரங்களோடு 300 முதல் 400 கிலோ வரை எடையுள்ளது. சக்கரங்களை முன்னரே கழற்றினாலும், எண்ணெயையும் நீரையும் வடித்தாலும் பளு குறையும்.

தூக்கும் கருவியின் குறிக்கப்பட்ட திறன் இப்பளுவைப்போல் இருமடங்கேனும் இருத்தல் வேண்டும். எனவே, 1 டன் திறனுள்ள கருவி நமது தேவைகளில் பெரும்பாலானவற்றிற்குப் போதுமானது.

மூவகைக் கருவிகள்

கயிறும் உருளைகளும் கொண்ட கப்பி விலை குறைந்தது. கமலை இறைத்த நம் முன்னோருக்கு உருளையின் பயன் புதிதன்று. ஆனால் இதில் தடை கிடையாது. கயிற்றைப் பிடித்திருப்பவர் கை நழுவினால் எஞ்சின் விழுந்துவிடும். எஞ்சின் வேலைக்கு இது ஏற்றதன்று.

பட்டறைகளில் எஞ்சின் கிரேன் என வழங்குவது, எண்ணெய் அழுத்தத்தால் உயரும் கையும், அடியில் சிறு உருளைகளும் உடையது. தூக்கிய எஞ்சினை அப்படியே தள்ளிச் செல்லலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் சமமான சிமெண்டுத் தளம் இதற்கு இன்றியமையாதது. மண் தரையில் உருளைகள் புதைந்து கிரேன் சாயக்கூடும். மேலும், கையை நீட்ட நீட்ட இதன் திறன் குறையும். 2 டன் எனக் குறித்த கிரேனும் கை முழுதும் நீண்ட நிலையில் பெரும்பாலும் அரை டன் அளவே தாங்கும். வாங்குவோர் இதனைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது, செயின் பிளாக் என்னும் சங்கிலிக் கப்பி. உள்ளிருக்கும் பற்சக்கரங்களின் துணையால் 1 டன் பளுவை ஏறத்தாழ 30 கிலோ இழுவையில் ஒருவரே உயர்த்தலாம். கையை விட்டாலும் அதன் தடை பளுவை நிறுத்திவைக்கும். வேலை மெதுவாகவே நடக்கும்; அம்மெதுவே பாதுகாப்பு. மின்சாரமும் எண்ணெய் அழுத்தமும் இதற்கு வேண்டா. மண் முற்றங்கள் மிகுந்த நமது கிராமங்களுக்கு இதுவே மிகப் பொருத்தமானது.

எதில் தொங்கவிடுவது?

கப்பி எவ்வளவு உறுதியாயினும், அதைத் தாங்கும் இடம் உறுதியற்றதாயின் பயனில்லை. ஓட்டு வீட்டின் உத்தரம் கூரைப்பளுவைப் பரவலாகத் தாங்க அமைந்தது. நடுவில் ஓரிடத்தில் தொங்கும் 350 கிலோவுக்காக அமைந்ததன்று. மரக்கிளையின் உள்ளே உளுத்திருப்பது வெளியே தெரியாது. ஆகவே, கனமான இரும்புக் குழாய்களால் ஆன முக்காலியே சிறந்தது. உச்சி 10 அடி உயரம் இருப்பின் வண்டிக்கு மேல் எஞ்சினை உயர்த்த இடம் கிடைக்கும்.

பளு ஏறும்போது முக்காலியின் கால்கள் வெளிப்புறம் வழுக்க முயலும். அடியில் மூன்று கால்களையும் சங்கிலியால் பிணைத்தல் கட்டாயம். இளகிய மண்ணாயின் ஒவ்வொரு காலின் கீழும் தடித்த பலகையிடல் வேண்டும். எஞ்சின் உயர்ந்தபின் முக்காலியை நகர்த்தலாகாது. வண்டியையே பின்னுக்குத் தள்ளுதல் வேண்டும். கப்பியைப் பக்கவாட்டில் இழுப்பதும் முக்காலியைக் கவிழ்க்கும்.

டிராக்டரில் மற்றொரு கவனம் தேவை. பெரும்பாலான டிராக்டர்களில் எஞ்சினே வண்டியின் முதுகெலும்பாக அமைந்துள்ளது. அதைப் பிரித்தால் வண்டி இரு துண்டாகும். ஆதலால், போல்ட்டுகளைக் கழற்றுமுன் பின்பாகத்திற்கு இரும்புத் தாங்கிகளும், முன் அச்சு ஆடாதபடி இருபுறமும் மர ஆப்புகளும் கொடுத்தல் வேண்டும்.

கட்டும் முறை

எஞ்சினைத் தூக்குவதற்கென அமைந்த வளையங்களிலேயே கொக்கியை மாட்டுக. தேங்காய் நார்க் கயிறும் பழைய வடமும் ஆகா. திறன் குறிக்கப்பட்ட சங்கிலியோ பட்டையோ வேண்டும். இரு கால்களாகக் கட்டும்போது அவற்றின் விரிவு முக்கியமானது. 300 கிலோ எஞ்சினில் இரு கால்களும் நேராகத் தொங்கினால் ஒவ்வொன்றின்மேலும் 150 கிலோ விழும். இடைக்கோணம் 60 பாகையானால் 173 கிலோவும், 90 பாகையானால் 212 கிலோவும், 120 பாகையானால் 300 கிலோவும் விழும். ஒவ்வொரு காலின் நீளமும், மாட்டும் இரு இடங்களுக்கு இடையேயுள்ள தூரத்திற்குக் குறையாதிருந்தால் கோணம் 60 பாகையைத் தாண்டாது. இதனை எளிதில் நினைவிற்கொள்ளலாம்.

முதலில் அரையடி மட்டும் உயர்த்திச் சற்று நிறுத்துக. கட்டு நழுவுகிறதா, கால்கள் அசைகின்றனவா, தடை பிடிக்கிறதா என்று பார்த்தபின் மேலே உயர்த்துக. தொங்கும் எஞ்சினின் கீழ் எவரும் செல்லலாகாது. தொங்கவிட்டபடியே பழுது பார்க்கவும் கூடாது. உடனே உறுதியான தாங்கியின்மேல் இறக்குக. சிறுவர்களை அருகில் விடாதீர்கள்.

வாங்கும்போது

திறன் கப்பியின்மேல் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கையால் இயங்கும் சங்கிலிக் கப்பிகளுக்கு ஐ.எஸ். 3832 என்னும் இந்தியத் தர அளவு உள்ளது. அதனைக் கேட்டு வாங்குக. கொக்கியின் வாயில் தானே மூடும் நாக்கு இருத்தல் வேண்டும். பழையதாயின், கொக்கியின் வாய் விரிந்ததையும், சங்கிலிக் கண்ணி தேய்ந்ததையும், பற்றவைத்துச் சரிசெய்ததையும் தள்ளிவிடுக. காய்ச்சி அடித்து நிமிர்த்திய கொக்கி கண்ணுக்கு நேராகத் தோன்றினும் முன்போல் பளு தாங்கும் என நம்புவதற்கில்லை.

ஊருக்குப் பொதுவாக ஒன்று

ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஓரிரு முறையே பயன்படுத்தும் கருவி இது. வீட்டுக்கு வீடு மலிவானதை வாங்குவதைவிட, ஊருக்குப் பொதுவாகத் தரமான ஒன்றை வாங்குவது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பல உழவு இயந்திரங்களை வாடகைக்கு விடுகின்றன. முக்காலியும் கப்பியும் அவற்றோடு இடம்பெறலாம். உழவர் குழுக்களும் பங்கிட்டு வாங்கலாம். பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, எடுத்தவர் பெயரும் தேதியும் திரும்பிய நிலையும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். கிணற்றடியில் பம்பை இறக்கவும் ஏற்றவும் இதே கருவி உதவும். ஆனால் ஆழ்துளைக் கிணற்றில் சிக்கிக்கொண்ட மோட்டாரை இதனால் இழுக்கலாகாது. அங்கு ஏறும் பளு எவ்வளவென்று கணிக்க இயலாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்களாக. எஞ்சின் பழுதானால் மாற்று உறுப்புக் கடையில் கிடைக்கும். உழைக்கும் கைக்கு மாற்று எங்கும் கிடைக்காது.