பின்சக்கரத் துள்ளல்: பட்டறையில் பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பின்சக்கரங்களால் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் பின்பக்கம் சுத்தியலால் அடிப்பதுபோல் படபடவென்று அதிர்ந்தால் அது பின்சக்கரத் துள்ளல். இயந்திரத்தின் முறுக்குவிசை டயரின் பக்கச்சுவரையும் டிரைவ் ஷாஃப்டையும் ரப்பர் புஷ்களையும் முறுக்குகிறது. டயர் பிடி நழுவியதும் முறுக்கேறியவை திரும்பி உதறுகின்றன. டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி நழுவுகிறது. நொடிக்குப் பத்துத் தடவை அளவில் இது நடக்கும்போது டிரைவ் ஷாஃப்ட் முறியலாம், டிஃபரென்ஷியல் கூடு விரிசல் விடலாம், வளைவில் கார் தடம் மாறலாம். துள்ளல் தொடங்கிய கணமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான் ஓட்டுநர் செய்ய வேண்டிய முதல் வேலை.

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் வட்டாரத்தில் இந்தக் கோளாறு சீக்கிரம் தலைகாட்டும். பாயா தெருபோங் பக்கமிருந்து ஏறி இறங்கும் துன் சார்டோன் சாலையும், தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக வரும் கூட்டரசுச் சாலை 6-உம் வளைவும் ஏற்றமும் நிறைந்தவை. மழைக்குப் பிறகு ஈரச் சாலையில், ஏற்றத்தில், முதல் கியரில் கிளம்பும் பழைய நிசான் சில்வியாவோ, 350இசட்டோ, பிஎம்டபிள்யூ இ46-ஓ தன் தேய்மானத்தை ஒளிக்க முடியாது. இறக்கத்தில் சட்டென்று கியரைக் குறைத்து கிளட்சை விட்டாலும் இதே துள்ளல் வரும்.

திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்றுதான். கோளாறு எங்கே என்று பார்க்காமலே கெட்டியான அப்சோர்பர், பாலியூரித்தேன் புஷ், அகலமான டயர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. ஆயிரக்கணக்கான வெள்ளி செலவான பிறகும் துள்ளல் போகாது. பட்டறையில் கேட்டால் “இந்த மாடல் கார் எல்லாமே அப்படித்தான்” என்ற பதில் வரும். கையில் ரசீதும் இருக்காது.

துள்ளல்தானா என்று உறுதி செய்தல்

வேகம் கூடக்கூட ஒரே சீராக வளர்ந்து, ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் நீடிக்கும் அதிர்வு துள்ளல் அன்று. அது சக்கர பேலன்ஸ் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோளாறு. திருப்பத்தில் மட்டும் ‘டக் டக்’ என்றால் சிவி ஜாயின்டாக இருக்கலாம். கிளம்பும்போது ஒரே ஒரு ‘டம்’ என்றால் டிஃபரென்ஷியல் மவுண்டிங்கிலோ ஜாயின்டிலோ தளர்ச்சி. விசை ஏறும்போது தொடங்கி, விசையைக் குறைத்ததும் நின்றுவிடுவதே துள்ளல். எந்தக் கியர், ஈரமா உலர்ந்த சாலையா, ஏற்றமா இறக்கமா என்பதை எழுதிப் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

துள்ளலை ‘ஒருமுறை செய்து பார்க்க’ மலைச்சாலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டுவதற்கு 5 ஆண்டு வரை சிறையும், 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. அச்சட்டம் காரைச் சோதிப்பவருக்கு விலக்கு எதுவும் தரவில்லை.

சோதிக்கும் வரிசை

செலவு குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் டயர். கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளந்து, கார் தயாரிப்பாளர் குறித்த அளவோடு ஒப்பிட வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் டயர் செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் ஆகும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ரப்பர் இறுகிய பழைய டயர், பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர், இடமும் வலமும் வெவ்வேறு வகை டயர் ஆகியவை துள்ளலுக்குப் போதுமான காரணம்.

அடுத்து அப்சோர்பர். அதன் உடலில் எண்ணெய் வழிந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின் காரைத் தூக்கி, கடப்பாரையால் ஒவ்வொரு புஷ்ஷையும் நெம்ப வேண்டும். வெடித்த ரப்பரும், உலோகத்தோடு உலோகம் உரசிப் பளபளத்த இடமும் நேரடிச் சாட்சிகள். சப்ஃபிரேம் மவுண்டிங், டிஃபரென்ஷியல் மவுண்டிங், இயந்திரம் மற்றும் கியர்பாக்ஸ் மவுண்டிங் என்ற வரிசையில் போக வேண்டும். 350இசட்டில் திரவம் நிரப்பிய டிஃபரென்ஷியல் புஷ் கசிவது பலரும் அறிந்த குறை. இ46-இல் பின் சப்ஃபிரேம் பொருந்தும் தரைத்தகடே விரிசல் விடுவதுண்டு. விரிசல் விட்ட தகட்டின்மேல் கெட்டியான புஷ் போடுவது கோளாறை மறைக்கும், விரிசலை வளர்க்கும்.

கடைசியில் அலைன்மென்ட். வேலைக்கு முன்னும் பின்னும் அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் பல பட்டறைகளில் அலட்சியம் செய்யப்படுகிறது. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் முழுமையாக முடுக்கக் கூடாது. அப்படி முடுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழியும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முடுக்கு. புதிய புஷ் சீக்கிரம் கிழிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்பது யாருக்கும் தெரியாது. பின்னால் கோரிக்கை வைக்கவும் ஆதாரம் இருக்காது. வடிவமைப்பிலேயே துள்ளும் கார்களும் உண்டு. காடிலாக் நிறுவனம் 2009 சிடிஎஸ்-வி காரில் இடது, வலது டிரைவ் ஷாஃப்டுகளை வெவ்வேறு தடிமனில் செய்தே துள்ளலை அடக்கியது. ஆனால் தேய்மானத்தைச் சோதிக்காமல் ‘வடிவமைப்புக் குறை’ என்று சொல்ல எந்தப் பட்டறைக்கும் உரிமையில்லை.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 32ஆம் பிரிவு. வாங்குமுன் சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கு விலக்கு உண்டு. ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒப்பந்தத்தில் எழுதி இந்த உரிமைகளைப் பறிக்க முடியாது. 6ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

இந்த உரிமையை நிலைநாட்டத் தாள்கள் தேவை. வேலைக்கு முன் எழுத்திலான மதிப்பீடு, பாகங்கள் புதியவையா பழையவையா என்ற குறிப்பு, கூலி தனியாகக் காட்டிய ரசீது, அலைன்மென்ட் தாள், கழற்றிய பழைய பாகங்கள், எல்லாமே வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அதையும் அழிக்கக் கூடாது. ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுத்துவிட்டு நியாயம் தேடி அலைவதில் பயனில்லை.

பழைய கார் வாங்குவோர், வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனையில் தேறியதை உத்தரவாதமாக நினைத்துவிடுகிறார்கள். அது உரிமை மாற்றத்திற்கான சோதனை. பிரேக், சஸ்பென்ஷன், புகை போன்றவை பார்க்கப்படும். கடும் விசையில் புஷ் எவ்வளவு வளைகிறது என்பது பார்க்கப்படாது. பணம் கட்டுமுன் தனிப் பட்டறையில் காரைத் தூக்கிப் பார்ப்பது அவசியம்.

எங்கே போவது

முதலில் பட்டறைக்கோ விற்பனையாளருக்கோ எழுத்தில் புகார் தந்து, சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறிடத்தில் சரிசெய்து நியாயமான செலவைக் கோர பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

கோரிக்கையை உள்நாட்டு வாணிப அமைச்சின்கீழ் உள்ள பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், அதாவது டிடிபிஎம்-இல் பதிய வேண்டும். படிவம் 1, கட்டணம் 5 வெள்ளி, உச்சவரம்பு 50,000 வெள்ளி. இணையத்திலும் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. குறை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்பின் பெயரைப் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதக் கூடாது. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்-இல் பதிந்த பெயரைத் தேடி எடுக்க வேண்டும். பெயர் தவறினால் தீர்ப்பை நிறைவேற்றுவதில் சிக்கல் வரும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாதவர்மீது குற்ற வழக்கு தொடரலாம். 10,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். படிவம் நிரப்பத் தயங்குவோர் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கிய காருக்கு இந்த மன்றம் உதவாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் படிவம் 198 மூலம் சிறு கோரிக்கை தொடரலாம். அதற்கும் வழக்கறிஞர் வேண்டாம்.

காப்புறுதியை நம்பியிருப்பது வீண். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான வாகனக் காப்புறுதியில் அடங்காது. பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்பட்ட சேதத்துக்கும் இழப்பீடு கிடைக்காது. மாற்றியமைத்த பாகங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவிக்காதவர், விபத்துக்குப் பின் கோரிக்கை நிராகரிக்கப்படும் அபாயத்தில் இருக்கிறார். நிராகரிப்பு நியாயமற்றது என்றால், நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பான எஃப்எம்ஓஎஸ்-இடம் கட்டணமின்றி முறையிடலாம்.