ஏரி வாய்க்கால் மராமத்து: எல்லோரும் பங்கு கொடுக்க வழி என்ன?

ஏரிப் பாசனத்தில் கடைமடை வயல்கள் காய்வதற்கு மழைக் குறைவு மட்டுமே காரணம் அன்று. வாய்க்கால் தூர்ந்து கிடப்பதும் ஒரு காரணமாகும். தூர் வாரப் பணம் சேராமற் போவது ஏன் என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம்.

ஓர் ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கால் தூர் வார ரூ.60,000 ஆகும் என்றால் ஏக்கருக்கு ரூ.600 வரும். 2 ஏக்கர் வைத்திருப்பவர் ரூ.1,200 கொடுக்க வேண்டும். 'நாம் கொடுக்காவிட்டாலும் மற்றவர்கள் வேலையை முடித்துவிடுவார்கள். நமக்கும் தண்ணீர் வரத்தான் போகிறது' என்று அவர் எண்ணலாம். அந்த ஆண்டு அது லாபமாகவே தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு, கொடுத்தவர்களும் கையை இழுத்துக்கொள்வார்கள். வேலை நின்றுவிடும். தலைமடைக்காரர் ஒருவாறு சமாளிப்பார். கடைமடையில் கதிர் வரும் தருணத்தில் பயிர் காயும். ரூ.1,200 மிச்சம் பிடித்தவரின் வயல் அங்கே இருந்தால், 2 ஏக்கர் மகசூலும் போய்விடும்.

இது புதிய சங்கடம் அன்று. குடிமராமத்துக்கு வராதவர், தாம் செய்ய வேண்டிய வேலையின் மதிப்பைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. ஆயினும் சட்டத்தால் மட்டும் குடிமராமத்து நிலைத்துவிடவில்லை. நேபாளம் முதலிய இடங்களில் விவசாயிகளே நடத்தும் பாசன அமைப்புகளை ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியை எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாமே கண்காணிக்கும் இடங்களில் பொதுச் சொத்து நெடுங்காலம் நிலைக்கிறது என்று அவர் கண்டார்.

கடைப்பிடிக்கத்தக்க வழிகள்:

1. வீட்டுக்கு இவ்வளவு என்று வைக்காமல், ஏக்கர் கணக்கில் பங்கு வையுங்கள். சிறு விவசாயிக்கு அதுவே நியாயம்.

2. ஆயக்கட்டில் கிணறு வைத்திருப்பவர்களையும் சேருங்கள். ஏரி நிரம்பினால் அவர்கள் கிணற்றிலும் ஊற்று ஏறும்.

3. அறுவடை முடிந்த கையோடு வசூலியுங்கள். விதைப்புக் காலத்தில் கையில் பணம் இராது. பணம் இல்லாதவர் ஆள் வேலையாகக் கொடுக்கலாம்.

4. வரவு செலவை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். அடுத்தவரும் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தால் யாரும் தயங்கமாட்டார்கள்.

5. கொடாதவருக்கு முதலில் நினைவூட்டுங்கள். பிறகு சிறு அபராதம் போதும். மகசூல் பொய்த்தவருக்குத் தவணை கொடுங்கள்.

கோடையில் ஏரி வறண்டிருக்கும்போதே கூட்டத்தைக் கூட்டி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலையை முடித்துவிடுவது நலம்.