நாற்பது வருஷம் கழித்து மேடையேறிய இசைத்தட்டு

'ஜாம்பீஸ்' என்று என் பெண் பேர் சொன்னதுமே, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதென்னடி பேய்ப் பாட்டு?" என்று அதட்டினேன். சிரித்துக்கொண்டே போனில் பாட்டைப் போட்டாள். புளி கரைத்துக் கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பியானோவும் குரல்களுமாய்க் கல்யாண வீட்டுக் காலை மாதிரி அவ்வளவு குதூகலம்! "காதலி ஊர்லேர்ந்து வராளாக்கும்" என்றேன். "இல்லேம்மா, ஜெயில்லேர்ந்து விடுதலையாகி வரப்போற ஆளுக்கு எழுதற லெட்டர்" என்றாளே பார்க்கணும்!

குற்றம் என்ன, தண்டனை எதற்கு என்ற பேச்சே இல்லை. நீ வா, காத்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்படி ஒரு பாட்டை யாருமே கண்டுகொள்ளவில்லையாம்.

இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் பள்ளிப் பிள்ளைகளாய்ச் சேர்ந்த ஐந்து பேர். 1964-ல் ஒரு பாட்டு நன்றாக ஓடியது. அப்புறம் இறங்குமுகம். 1967-ல் 'ஒடெஸி அண்டு ஆரக்கிள்' என்ற இந்தத் தொகுப்பைக் குறைந்த செலவில் லண்டனில் பதிவு செய்தார்கள். பணம் போதவில்லை. பாட்டு எழுதிய ராட் ஆர்ஜெண்டும் கிறிஸ் ஒயிட்டும் ஸ்டீரியோ வேலைக்குச் சொந்தக் காசைப் போட்டார்கள். அட்டையில் 'ஒடிஸி' என்பதில் ஒய் வரவேண்டிய இடத்தில் ஈ விழுந்துவிட்டது. வேண்டுமென்றே போட்டோம் என்று சமாளித்தார்களாம்! (நாம் உப்புமா குழைந்தால் சொல்வதில்லையா?)

1968 ஏப்ரலில் இசைத்தட்டு கடைக்கு வந்தபோது குழுவே கலைந்திருந்தது. அந்தத் தேன் குரலுக்குச் சொந்தக்காரர் காலின் பிளன்ஸ்டோன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலைக்குப் போய்விட்டார். அல் கூப்பர் என்பவர் வற்புறுத்தியதால்தான் அமெரிக்காவில் அது வெளியானது. 1969-ல் அதிலிருந்த 'டைம் ஆஃப் தி சீசன்' அங்கே மூன்றாம் இடம் வரை ஏறியது. பாட ஆளில்லை! அதே பேரில் போலிக் குழுக்கள் ஊர் ஊராய்ப் போய்ப் பாடிக் காசு பார்த்தன. எனக்கு வயிறெரிந்தது.

2008-ல் லண்டனில் முழுத் தொகுப்பையும் முதல் முறையாக மேடையில் பாடினார்கள். கிட்டார் வாசித்த பால் அட்கின்சன் அதற்குள், 2004-லேயே, காலமாகிவிட்டார். மற்ற நாலு பேரும் வந்தார்கள்.

கேட்க நினைப்பவர்கள் அந்த ஜெயில் பாட்டிலேயே ஆரம்பியுங்கள். அடுத்தது 'எ ரோஸ் ஃபார் எமிலி'. பியானோவும் குரல்களும் மட்டும்தான், யாரும் நேசிக்காத ஒரு பெண்ணின் கதை. நடுவில் முதல் உலகப் போர் சிப்பாய் ஒருவன் பாடுவதாக ஒரு பாட்டு வரும். அதைக் குழந்தைகள் தூங்கின பிறகு கேளுங்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. என் பெண்ணுக்கு அதுதான் உசத்தி. இன்னமும் சண்டை ஓய்ந்தபாடில்லை.