விமான ஜன்னல்களுக்கு ஏன் கூர்மையான மூலைகள் இல்லை?

வீட்டு ஜன்னலுக்கு நான்கு மூலைகள் உண்டு. விமான ஜன்னல் மட்டும் ஏன் வளைந்திருக்கிறது? அழகுக்காகவா?

இல்லை, உயிர் காக்க.

10 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் சுமார் கால் பங்குதான். நீங்கள் மூச்சுவிட வேண்டுமே! அதனால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். மேலே ஏறும்போது விமானத்தின் உடற்பகுதி சற்றே உப்பும், இறங்கும்போது சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இப்படித்தான் அதன் தகடு இழுபடும்.

துணிக்கடைக்காரர் துணி கிழிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஓரத்தில் கத்தரியால் சின்ன வெட்டு. பிறகு இழுத்தால் சர்ரென்று கிழியும். இழுவை முழுவதும் அந்த வெட்டின் முனையில் குவிவதே காரணம். விமானத் தகட்டில் கூர்மூலையும் அப்படித்தான். வளைவாக இருந்தால் இழுவை பரவிவிடும்.

1952-இல் பயணிகள் சேவைக்கு வந்த உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் 'காமெட்'டில் ஏறக்குறைய சதுரமான ஜன்னல்கள் இருந்தன. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்டுகள் இத்தாலி அருகே நடுவானில் சிதறின. யாரும் பிழைக்கவில்லை.

காரணம் தேடிய பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூட ஆய்வாளர்கள், ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே நீரை ஏற்றி இறக்கி அழுத்தினார்கள். ஏன் தண்ணீர்? காற்றைப்போல அது வெடித்துச் சிதறாது. நிஜப் பயணங்களையும் சேர்த்துச் சுமார் 3,000 முறை அழுத்தம் தாங்கிய உடற்பகுதி, திறப்பின் மூலையில் பிளந்தது.

புதிய காமெட்டுக்குத் தடித்த தகடு, வளைந்த ஜன்னல்கள். 1958-இல் அது பயணிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. அந்தக் கடலைக் கடந்த முதல் ஜெட் பயணிகள் சேவை அதுவே!