முதல் எண் எப்போது மாறும்?

2018-இல் தமிழகத்தில் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதுப் பாடத்திட்டம் வந்தது. அந்தப் புத்தகங்களில் ‘முதல் பதிப்பு 2018’ என்று அச்சிட்டார்கள். பிறகு திருத்தங்கள் செய்தபோது, ‘திருத்திய பதிப்பு’ என்றுதான் போட்டார்கள். பாடத்திட்டம் மாறவில்லை அல்லவா?

கணினியை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும், அதாவது இயங்குதளத்துக்கும், பதிப்பு எண் உண்டு. சின்னத் திருத்தம் என்றால் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மாறும். பெரிய மாற்றம் என்றால் முதல் எண்ணே மாறும். எங்கள் சங்கரன்கோவிலில் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்போம். அதற்காக யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை!

அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் ‘பாஸ்’ லினக்ஸ் இருந்ததை உங்கள் அண்ணனோ அக்காவோ பார்த்திருப்பார்கள். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. இதற்கு அடித்தளம் ‘டெபியன்’ என்ற இயங்குதளம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதைச் செய்கிறார்கள். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெபியனின் முதல் எண் கூடும். பெரும்பாலும் அதை ஒட்டியே பாஸின் முதல் எண்ணும் கூடும். அடித்தளமே மாறுகிறதே!

இதனால் நமக்கு என்ன? பின் எண் மாறினால் பயமின்றிப் புதுப்பிக்கலாம். முதல் எண் மாறினால், கோப்புகளுக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பிரிண்டரும் தமிழ் விசைப்பலகையும் வேலை செய்யுமா என்று முதலில் ஒரு கணினியில் பார்க்க வேண்டும். முதல் எண் ஒரு முன்னறிவிப்பு.

ஆனால் லினக்ஸின் உள்கருவான கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்படி நினைப்பதில்லை. 2003 டிசம்பரில் 2.6 வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் மூன்றாவது எண் மட்டுமே ஏறி, 2.6.39 வரை போனது. 2011 ஜூலையில் அவர் சட்டென்று 3.0 என்று வைத்துவிட்டார். பெரிய புதுமை எதுவும் இல்லை. எண் நீண்டுவிட்டது, லினக்ஸுக்கும் வயது 20 ஆகிவிட்டது. அவ்வளவுதான்! அதன் பிறகு 3.19-க்கு அடுத்து 4.0, 4.20-க்கு அடுத்து 5.0, 5.19-க்கு அடுத்து 6.0. எண்ணுவதற்குக் கை விரலும் கால் விரலும் தீர்ந்துவிடுகின்றன என்று வேடிக்கையாகச் சொல்வார்.

எனக்கென்னவோ டெபியன் வழிதான் பிடிக்கிறது. ஆனாலும் லினஸிடம் ஒரு கண்டிப்பு உண்டு. எண் எதுவானாலும், நேற்று ஓடிய நிரல் இன்றும் ஓட வேண்டும்.

3.0 வந்தபோது அதற்கும் சோதனை வந்தது. எண் ‘2.6’ என்றுதான் தொடங்கும் என நம்பி எழுதிய சில நிரல்கள், ‘3’-ஐக் கண்டதும் திணறின! கெர்னல்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே ஆண்டில் கெர்னலுக்குள் ஒரு வசதி வைத்தார்கள். அந்த நிரல்கள் கேட்டால் மட்டும், 3.0 தன் பெயரை ‘2.6.40’ என்று சொல்லிக்கொள்ளும்.