பயம் காது வழியாக வருகிறது

பேய்ப் படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் இரவில் தூங்க மறுக்கிறார்கள் என்று நம் சங்கத்துப் பெற்றோர் பலர் குறைப்படுகிறார்கள். "அதெல்லாம் பொய், பயப்படாதே" என்றால் எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. அந்தப் பொய் எப்படிச் செய்யப்படுகிறது என்று பிரித்துக் காட்டினால் கேட்கும். நான் படித்தது பொறியியல் டிப்ளமோ, வேலை பார்த்தது ரயில்வேயில். எதையும் கழற்றிப் பார்க்கும் புத்தி ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

திடுக்கிடுவது வேறு, திகில் வேறு. இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதற்கு ஓர் உதாரணம் சொல்வார். சிலர் மேஜையருகே பேசிக்கொண்டிருக்கும்போது அடியில் இருந்த குண்டு திடீரென்று வெடித்தால் நமக்குச் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பதை நமக்கு முன்பே காட்டிவிட்டு அவர்களைப் பேச விட்டாலோ, அந்த வெட்டிப் பேச்சு முடியும்வரை நமக்கு இருப்புக்கொள்ளாது.

இதைத் தமிழில் முழுப் படமாகவே செய்து காட்டியவர் வீணை எஸ். பாலசந்தர். 1964-இல் வந்த 'பொம்மை'யில், வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை சென்னை நகருக்குள் கைமாறிக் கைமாறிப் போகிறது. வாங்குபவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான். உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பேயும் இல்லை, கோர முகமும் இல்லை, தெரிந்தவனுக்குத்தான் பயம். ரயில்வேக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் பயணி நிம்மதியாகத் தூங்குவார், ஸ்டேஷன் மாஸ்டருக்குத்தான் வியர்க்கும். (ரயிலே இல்லாத தீவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்!)

அதற்குப் பத்தாண்டு முன்பே, 1954-இல், 'அந்த நாள்' படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தவரும் அவர்தான். பாட்டு வந்தால் முறுக்கிய கயிறு தளர்ந்துவிடும். 'பொம்மை'யில் பாட்டு உண்டு. ஆனால் அதில் யேசுதாஸின் குரல் இருப்பதால் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஒலி. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சியில் கத்தி உடலில் பாய்வதை நாம் பார்ப்பதில்லை என்றே சொல்லலாம். துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய படங்களும், பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் எழுப்பும் கிறீச்சொலியும் அப்படி நம்ப வைக்கின்றன. 'ஜாஸ்' (1975) படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதானது. உப்புத் தண்ணீர் இயந்திரத்தை என்ன செய்யும் என்று தீவுக்காரர்களுக்குத் தெரியாதா! ஆகவே சுறாவை அதிகம் காட்டாமல், ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்களை வைத்து அது வருவதை உணர்த்தினார்கள். சுறா ஒழுங்காக ஓடியிருந்தால் படம் இவ்வளவு பயமுறுத்தியிருக்காது என்பது என் எண்ணம்.

நம் சிப்பிகாட்டையே பாருங்கள். 2004 சுனாமிக்குப் பின் கடல் நீர் புகுந்து தங்கிய தாழ்நிலத்தில், பகலில் கொக்குகளைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதே இடத்தை அந்தி நேரத்தில், காமிராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, கொக்குச் சத்தத்தை நீக்கி எடுத்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

பயந்த பிள்ளை கண்ணை மூடிக்கொள்கிறது, காது திறந்தே இருக்கிறது. அதே காட்சியை ஒரு பகல் வேளையில், நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, சத்தத்தை அடைத்துப் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் சிரிப்புத்தான் வரும். பிறகு சத்தத்தோடு போட்டு, இசை எங்கே நுழைகிறது, எங்கே சட்டென்று நிற்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அவர்களுக்கு அந்தப் படமே வேண்டாம்.