ஊசி குத்தினால் மறைக்க வேண்டாம்

நம் சங்கக் குடும்பங்களில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் பலர். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, கழிவைக் கையாளும் எவருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கொரு முறையேனும் பயிற்சி தரவேண்டும். மஞ்சள் காமாலை 'பி', டெட்டனஸ் தடுப்பூசியும் போடவேண்டும். நர்ஸுக்கு மட்டுமல்ல, கான்ட்ராக்டில் குப்பை அள்ளுபவருக்கும்தான்!

சில இடங்களில் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவதே பயிற்சி. ரயில்வேயில் ஸ்பானரைக் கையில் கொடுத்துச் செய்யவைத்துப் பார்ப்போம். இங்கும் அப்படித்தான் வேண்டும்: ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளை டப்பாவில். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடவே கூடாது.

குத்திவிட்டால், வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கிறார்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்திலேயே என்றால் இன்னும் நல்லது.